கடல் சூடேறுகிறது: மன்னார் வளைகுடாவில் பாரும் பாசியும் மீனும்

வயலில் பயிர் செய்பவருக்கு மழையும் வெயிலும் எப்படியோ, கடலை நம்பி வாழ்பவருக்குக் கடல்நீரின் சூடும் உப்பும் அப்படியே. நிலத்தில் வறட்சி வந்தால் வெடித்த மண்ணும் வாடிய பயிரும் கண்ணுக்குத் தெரிகின்றன. கடலில் வரும் வறட்சி மேலிருந்து பார்ப்பவர்க்குத் தெரிவதில்லை. அலை அதேபோல் அடிக்கிறது, நீரும் நீலமாகவே இருக்கிறது. ஆனால் அடியில் பவளம் வெளுக்கிறது, பாசி அழுகுகிறது, மீன் இடம் மாறுகிறது.

தமிழ்நாட்டில் 14 மாவட்டங்கள் கடலை ஒட்டியுள்ளன. இவற்றுள் இராமநாதபுரம், தூத்துக்குடி மாவட்டங்களின் கடற்பகுதியான மன்னார் வளைகுடாவும், அதற்கு வடக்கே உள்ள பாக் நீரிணையும் இந்த மாற்றத்தை நன்கு காட்டும் இடங்கள். இங்கு மீன்பிடிப்பும், பாசி எடுப்பும், பாசி வளர்ப்பும், கரைக்கு உட்பட்ட வேளாண்மையும் அடுத்தடுத்து நடைபெறுகின்றன. ஒன்றில் ஏற்படும் குறை மற்றொன்றையும் தாக்குகிறது. கடலோர மக்கள் இதை அறிந்து தங்கள் தொழிலை அதற்கேற்ப அமைத்துக் கொள்வது அவசியமாகும்.

கடல் ஏன் சூடேறுகிறது?

நிலக்கரி, பெட்ரோலியம் ஆகியவற்றை எரிப்பதாலும் காடுகளை அழிப்பதாலும் காற்றில் கரியமில வாயு பெருகி வருகிறது. தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சம் பங்கு காற்றில் சுமார் 280 பங்காக இருந்த இவ்வாயு இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது. பூமி பெறும் வெப்பம் வெளியேறாமல் இது தடுக்கிறது. இவ்வாறு தேங்கும் வெப்பத்தில் 90 சதவீதத்திற்கு மேல் கடலே ஏற்றுக் கொள்கிறது. காற்று அதிகம் சூடாகாமல் இருப்பதற்குக் கடல் கொடுக்கும் விலை இது.

உலகின் மற்றக் கடல்களோடு ஒப்பிடும்போது இந்தியப் பெருங்கடலின் வெப்பமண்டலப் பகுதி வேகமாகச் சூடேறி வருகிறது. 1951 முதல் 2015 வரையிலான காலத்தில் இதன் மேற்பரப்பு நீரின் வெப்பம் சராசரியாக 1 டிகிரி செல்சியஸ் உயர்ந்துள்ளதாக மத்திய புவி அறிவியல் அமைச்சகம் 2020-ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை கூறுகிறது.

ஒரு டிகிரி என்பது சிறு அளவாகத் தோன்றலாம். நிலத்தில் காலைக்கும் மதியத்திற்கும் பத்து டிகிரி வேறுபாடு சாதாரணம். ஆனால் கடல்வாழ் உயிர்கள் ஆண்டு முழுவதும் சில டிகிரி வேறுபாட்டுக்குள்ளேயே வாழப் பழகியவை. மனித உடலின் வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் காய்ச்சல் என்கிறோம். அதை எண்ணிப் பார்த்தால் கடலின் ஒரு டிகிரி எத்தகையது என்பது விளங்கும்.

மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் ஒரு பகுதி, ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு, கடல்நீரில் கரைகிறது. கரைந்தது கார்பானிக் அமிலமாகி நீரின் காரத்தன்மையைக் குறைக்கிறது. உலகக் கடல்களின் மேற்பரப்பு நீரின் பி.எச். அளவு தொழிற்புரட்சிக்குப் பின் சுமார் 8.2-லிருந்து 8.1-ஆகக் குறைந்துள்ளது. சங்கு, சிப்பி, பவளம் ஆகியவை நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கொண்டே தங்கள் ஓட்டையும் கூட்டையும் கட்டுகின்றன. காரத்தன்மை குறையக் குறைய இந்தக் கட்டுமானம் அவற்றுக்குக் கடினமாகிறது. சங்கு குளிப்போரின் பிழைப்பும் இதில் அடங்கியுள்ளது.

பார் வெளுத்தால் என்ன ஆகும்?

இராமேசுவரத்திலிருந்து தூத்துக்குடி வரை கரைக்குச் சற்றுத் தொலைவில் 21 தீவுகள் வரிசையாக அமைந்திருந்தன. இவற்றைச் சுற்றிப் பவளப் பாறைகள் வளர்ந்துள்ளன. மீனவர்கள் இவற்றைப் 'பார்' என்பர். பார் உள்ள இடத்தில்தான் மீன் முட்டையிடும், குஞ்சு ஒளியும், இறால் தங்கும். வயலுக்கு நாற்றங்கால் எப்படியோ, கடலுக்குப் பார் அப்படி. இப்பகுதி 1986-இல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாகவும், 1989-இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது.

பவளம் கல்லைப் போல் தோன்றினாலும் அது உயிர். சிறு பூச்சி போன்ற உயிர்கள் கூட்டமாக வாழ்ந்து கட்டிய வீடு அது. அந்த உயிரின் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி குடியிருக்கிறது. பவளத்திற்கு நிறம் தருவதும் உணவின் பெரும்பகுதியை ஆக்கித் தருவதும் இந்தப் பாசியே. கோடையில் நீரின் வெப்பம் வழக்கமான உச்சத்தைவிட ஒரு டிகிரி அளவு கூடி, அது சில வாரங்கள் நீடித்தால் பவளம் இப்பாசியை வெளியே தள்ளிவிடுகிறது. அப்போது உள்ளிருக்கும் வெள்ளைச் சுண்ணாம்புக் கூடு தெரிகிறது. இதுவே 'பவளம் வெளுத்தல்'.

வெளுத்த பவளம் செத்த பவளமன்று. இதைப் பலரும் தவறாகப் புரிந்து கொள்கின்றனர். மழை வந்து நீர் குளிர்ந்தால் பாசி மீண்டும் குடியேறும், பவளமும் பிழைக்கும். வெப்பம் நீடித்தால் உணவின்றிப் பட்டுவிடும். பட்ட பவளத்தின் மேல் வேறு பாசி படர்ந்து, நாளடைவில் அது பொடிந்து போகிறது.

மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் பவளம் பெருமளவில் வெளுத்தது. 2016-இல் ஏற்பட்ட இழப்பைத் தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல்வாழ் உயிரின ஆராய்ச்சி நிறுவனத்தினர் நீருக்குள் மூழ்கி அளந்தனர். அதற்கு முன் கடலடிப் பரப்பில் சுமார் 39 சதவீதமாக இருந்த உயிர்ப்பவளம், அதன்பின் 23 சதவீத அளவுக்குக் குறைந்துவிட்டது. 2020 மே மாதத்திலும் இங்கு கடல் வெப்ப அலை வீசியது. 2024-இல் உலகெங்கும் பவளம் வெளுத்தபோது மன்னார் வளைகுடாவும் தப்பவில்லை. இரண்டு வெப்ப ஆண்டுகளுக்கு இடையே கிடைக்கும் ஓய்வு குறைந்து வருவதே இதில் கவலைக்குரியது. தொடர்ந்து மேய்க்கப்படும் மேய்ச்சல் தரை தேறுவதற்குள் மீண்டும் மாடு இறங்கினால் புல் எப்படித் துளிர்க்கும்?

வெப்பத்தின் மேல் மட்டும் பழி போடுவதும் சரியன்று. பல ஆண்டுக் காலம் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்திற்காகவும் பவளப் பாறைகள் உடைத்து எடுக்கப்பட்டன. 2001-இல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பிறகே வெட்டுவது நின்றது எனலாம். அதற்குள் விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான்தீவும் அரித்து அரித்துச் சிறுத்தது. 2015-ஆம் ஆண்டு முதல் அதைச் சுற்றிச் செயற்கைப் பார்கள் இறக்கப்பட்டதால் அலையின் வேகம் தணிந்து தீவு காக்கப்பட்டு வருகிறது. உடல் பலவீனமாக உள்ளவனை நோய் எளிதில் பிடிப்பது போல, உடைபட்ட பாரை வெப்பம் எளிதில் வீழ்த்துகிறது.

பாசியை நம்பும் குடும்பங்கள்

இராமநாதபுரம் மாவட்டக் கடலோர ஊர்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் பாசி எடுப்பதைத் தொழிலாகக் கொண்டுள்ளனர். காலையில் வத்தையில் ஏறித் தீவுகளை ஒட்டிய பார்களுக்குச் சென்று, கண்ணாடி அணிந்து, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கிப் பாசியைக் கையால் எடுக்கின்றனர். மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் அகர்அகர் தயாரிக்கவும், கட்டக்கோரையும் பக்கோடாப் பாசியும் அல்ஜினேட் தயாரிக்கவும் பயன்படுகின்றன. 1966 முதல் இங்கு பாசி வணிக முறையில் எடுக்கப்பட்டு வருகிறது.

பார் பட்டுப் போனால் அதைப் பற்றி வளரும் பாசியும் குறைகிறது. மறுபுறம், தேசியப் பூங்கா விதிகளால் தீவுகளை நெருங்கத் தடையும் உள்ளது. இரண்டுக்கும் இடையில் இப்பெண்களின் பிழைப்பு நெருக்கடிக்குள்ளாகிறது. ஆயினும் இவர்களிற் பலர் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடவில்லை. பாம்பன் சின்னப்பாலம் போன்ற ஊர்ப் பெண்கள் தாங்களே கூடிப் பேசி, மாதத்தில் குறிப்பிட்ட நாட்கள் மட்டுமே கடலுக்குச் செல்வது, பாசி இனம் பெருகும் பருவத்தில் எடுப்பதை அறவே நிறுத்துவது, பாறையை இரும்புக் கருவியால் சுரண்டாமல் கையால் மட்டும் பறிப்பது என்று கட்டுப்பாடு செய்துகொண்டனர். வேரோடு பிடுங்காமல் நுனியைக் கிள்ளிய கீரை மீண்டும் தழைப்பதை அறிந்தவர்களுக்கு இது புதிய செய்தியன்று.

பாசி வளர்ப்பில் வெப்பத்தால் வரும் இழப்பு

இயற்கைப் பாசிக்கு மாற்றாகவே பாசி வளர்ப்பு வந்தது. கப்பாபைகஸ் என்னும் சிவப்புப் பாசியை மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் 1984-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. 1990-களின் நடுவில் மண்டபத்தில் இதன் வளர்ப்பு ஆய்வு தொடங்கி, 2000-க்குப் பின் மகளிர் சுய உதவிக் குழுக்களின் மூலம் பாக் நீரிணைக் கரையில் பரவியது. இதிலிருந்து கிடைக்கும் காரஜீனன் உணவு, மருந்து, பற்பசைத் தொழில்களில் பயன்படுகிறது. இதன் சாறு பயிர்களுக்குத் தெளிக்கும் திரவ உரமாகவும் விற்கப்படுகிறது.

மூங்கில் மிதவை முறையில் 3 மீட்டருக்கு 3 மீட்டர் அளவுள்ள மிதவை ஒன்றுக்கு 60 கிலோ விதைப்பாசி கட்டப்படுகிறது. 45 நாளில் சுமார் 260 கிலோ கிடைக்கும். அதில் 60 கிலோவை மறு நடவுக்கு வைத்துக்கொண்டு, மீதி 200 கிலோவை உலர்த்தினால் 20 கிலோ காய்ந்த பாசி தேறும். நாளைக்கு ஒரு மிதவை வீதம் கட்டி, 45 மிதவைகளை ஒரு குடும்பம் பராமரிக்கலாம். அதாவது 45 நாட்சுற்றுக்கு 900 கிலோ காய்ந்த பாசி. நாள்தோறும் ஒரு மிதவை அறுவடைக்கு வரும்.

இக்கணக்கு நீரின் வெப்பம் 25 முதல் 30 டிகிரி வரை உள்ளபோது பொருந்தும். 32 டிகிரியைத் தாண்டி நீர் சூடாகி, காற்றோட்டமும் இல்லாமல் கடல் தேங்கினால் பாசியின் கிளைகள் ஆங்காங்கே வெளுத்து, குழைந்து, முறிந்து விழும். நோய் பற்றிய மிதவையில் நாலைந்து நாளில் வெறும் கயிறே மிஞ்சும். இதில் பெரிய இழப்பு அறுவடை போவது மட்டுமன்று, விதை போவதும்தான். 45 மிதவைக்கு விதைப்பாசி மட்டும் 2,700 கிலோ வேண்டும். நெல் கருகினால் அடுத்த பருவத்திற்கு விதைநெல் வாங்கலாம். ஊர் முழுவதும் ஒரே வாரத்தில் பாசி அழுகினால் விலை கொடுத்தாலும் விதை கிடைக்காது. மிதவைக்கு வாங்கிய கடன் மட்டும் நிற்கும்.

இது நடந்த கதையே. 2012-13-இல் ஏறக்குறைய 1,500 டன் காய்ந்த பாசி என்ற உச்சத்தை எட்டிய தமிழ்நாட்டு உற்பத்தி, அதன்பின் பாசி கூட்டம் கூட்டமாக அழிந்ததால் வெகுவாகச் சரிந்தது. கடல்நீர் சூடேறியதும், ஆண்டுக்கணக்கில் ஒரே தாய்ப்பாசியைத் துண்டு துண்டாக வெட்டி நட்டு வந்ததால் விதையின் வீரியம் குன்றியதும் இதற்குக் காரணங்களாகக் கருதப்படுகின்றன. பல குடும்பங்கள் அத்தொழிலை விட்டு விலகின. இப்போது இராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் கடற்பாசிப் பூங்கா அமைக்க 2023-இல் அடிக்கல் நாட்டப்பட்டுள்ளது. நல்ல விதை தடையின்றிக் கிடைக்கச் செய்வதே இப்பூங்காவின் முதல் பணியாக அமைந்தால் பாசி வளர்ப்போருக்குப் பேருதவியாக இருக்கும்.

பாசி வளர்ப்போர் கவனிக்க வேண்டியவை

1. பருவம்: பாக் நீரிணையில் வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலை அதிகம். எனவே சனவரி முதல் நடவு செய்வது வழக்கம். ஏப்ரல், மே மாதங்களில் எல்லா மிதவைகளையும் ஒரே நேரத்தில் முழு விதையோடு கடலில் வைத்திருக்க வேண்டாம். மார்ச்சு இறுதிக்குள் பெரும்பகுதியை அறுவடை செய்து உலர்த்திவிடுதல் நலம்.

2. ஆழம்: முழங்கால் அளவு நீரில் சூடு விரைவில் ஏறும். கோடையில் விதை மிதவைகளைச் சற்று ஆழமான, நீரோட்டமுள்ள இடத்துக்கு மாற்ற வேண்டும். மிதவையின் மூலைகளில் கல் கட்டி நீர்மட்டத்திலிருந்து சிறிது கீழே தாழ்த்துவதும் பயன் தரும்.

3. விதைப் பாதுகாப்பு: குழுவிலுள்ள அனைவரின் விதையையும் ஒரே இடத்தில் வைப்பது ஆபத்து. இரண்டு மூன்று ஊர்க் குழுக்கள் தமக்குள் ஒப்பந்தம் செய்து விதையைப் பிரித்து வைத்தால் ஓரிடத்தில் அழிந்தாலும் மற்றோரிடத்தில் மிஞ்சும்.

4. நோய்: கிளையில் வெண்புள்ளி கண்டவுடன் அந்தப் பகுதியைக் கிள்ளிக் கரைக்குக் கொண்டுவந்து விடவேண்டும். கடலிலேயே எறியலாகாது. நோய் பரவும் அறிகுறி தெரிந்தால் 45 நாள் ஆகட்டும் என்று காத்திராமல் அறுவடை செய்வதே மேல்.

5. மீன் மேய்ச்சல்: ஓரா போன்ற மீன்கள் இளம் பாசியை மேய்ந்துவிடும். மிதவையின் அடியில் வலை கட்டத் தவறக்கூடாது. அலை மிகுந்த இடங்களில் குழாய் வலை முறை ஏற்றது.

6. மழை: பெருமழையில் கரையோர நீரின் உப்புத்தன்மை குறைந்தாலும் பாசி அழுகும். ஆறு, ஓடை கலக்கும் முகத்துவாரத்தருகே மிதவை கட்டுவதைத் தவிர்க்கவும்.

கப்பாபைகஸ் அயல்நாட்டுப் பாசி. மன்னார் வளைகுடாவில் குருசடைத் தீவின் பவளத்தின்மேல் இது படர்ந்ததை ஆய்வாளர்கள் 2008-இல் கண்டறிந்தனர். பவளத்தை மூடினால் வெயில் படாமல் அது பட்டுவிடும். ஆகவே தீவுகளுக்கு அருகில் இதனை வளர்ப்பதும், அறுந்த துண்டுகளை மிதக்க விடுவதும் தன் வீட்டு நாற்றங்காலில் தானே மாட்டை மேயவிடுவது போலாகும். நம் கடலுக்கே உரிய கஞ்சிப் பாசியையும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் மையம் காட்டியுள்ள முறையில் வளர்க்கலாம். கூண்டில் கடல்விரால் மீனும் அதைச் சுற்றிப் பாசி மிதவையும் வைக்கும் கூட்டு வளர்ப்பு முறையும் உண்டு. மீனின் கழிவு பாசிக்கு எருவாகிறது. ஒன்று தவறினாலும் மற்றொன்று கைகொடுக்கும்.

பாசி கரியமில வாயுவை உறிஞ்சுவதால் பாசி வளர்த்தாலே கடல் குளிர்ந்துவிடும் என்று சிலர் கூறுவதுண்டு. அறுவடை செய்த பாசி உணவாகவும் உரமாகவும் பயன்பட்ட பின் அதிலுள்ள கரி பெரும்பாலும் காற்றுக்கே திரும்பிவிடுகிறது. பாசி வளர்ப்பு வருமானத்திற்கு நல்ல வழி. புகைபோக்கிகளைக் கட்டுப்படுத்துவதற்கு அது மாற்றாகாது.

இடம் மாறும் மத்தி

நிலத்தில் வேர்விட்ட பயிர் வெயில் கூடினால் வாடும். மீனுக்குக் கால் இல்லாவிட்டாலும் துடுப்பு உண்டு. அது தனக்கேற்ற நீரைத் தேடிப் போய்விடும். பேய்ச்சாளை என்றும் மத்தி என்றும் அழைக்கப்படும் மீன் இதற்கு நல்ல உதாரணம். 1980-களின் நடுப்பகுதி வரை இது பெரும்பாலும் கேரளம், தென் கர்நாடகக் கரையிலேயே கிடைத்தது. அதன்பின் தமிழ்நாட்டுக் கரையிலும் வடக்கே ஆந்திரக் கரையிலும் கணிசமாகப் பிடிபடத் தொடங்கியது. முன்பு குளிர்ச்சியாக இருந்த பகுதிகள் இம்மீனுக்கு ஏற்ற சூட்டை அடைந்ததே இதற்குக் காரணம் என்று மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன அறிவியலாளர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர்.

கிழக்குக் கரைக்கு இது வரவு. ஆனால் அந்த வரவை நிலையான வருமானமாகக் கணக்கிட முடியாது. கேரளத்தில் 2012-இல் 4 லட்சம் டன்னை நெருங்கிய மத்தி, 2021-இல் சுமார் 3,300 டன் அளவுக்கு வீழ்ந்தது. அடுத்த ஆண்டுகளில் மீண்டும் ஏறியது. எல் நினோ ஆண்டுகளில் வளரும் நீரின் சூடு, உணவாகும் நுண்ணுயிர்களின் குறைவு, குஞ்சு மீனை அள்ளுதல் ஆகிய எல்லாம் சேர்ந்து இந்த ஏற்ற இறக்கத்தை உண்டாக்குகின்றன. இவற்றில் முதல் இரண்டும் மீனவர் கையில் இல்லை. மூன்றாவது அவர்கள் கையில் உள்ளது. சிறு கண் வலையால் குஞ்சை அள்ளிக் கோழித்தீவனத்திற்கும் மீன்தூளுக்கும் விற்பது விதைநெல்லைக் குத்தி உண்பதற்கு ஒப்பாகும். ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு உள்ள 61 நாள் தடையைக் கருத்தாகக் கடைப்பிடிப்பதும், குஞ்சு மீனை இறக்காதிருப்பதும் சூடேறும் கடலில் முன்னைவிட முக்கியமாகின்றன.

காற்று, அலை, எச்சரிக்கை

வாடை எப்போது விழும், கச்சான் எப்போது எழும் என்று பெரியவர்கள் சொல்லிக் கொடுத்ததைக் கொண்டே கடலோடிகள் நாள் குறித்து வந்தனர். அந்த அறிவை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் சூடான கடல் புயலுக்குத் தீனி. சிறு தாழ்வு நிலை ஓரிரு நாளில் கடும் புயலாக மாறுவது இப்போது கூடுதலாகக் காணப்படுகிறது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் கன்னியாகுமரிக்கு அருகே விரைவில் வலுப்பெற்றபோது, முன்பே ஆழ்கடலுக்குச் சென்றுவிட்ட மீனவர்களுக்குச் செய்தி எட்டவில்லை. பலர் திரும்பவில்லை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரணியம் அருகே கரை கடந்து படகையும் தென்னையையும் ஒருசேரச் சாய்த்தது. தனியொரு புயலைக் காட்டி இது பருவநிலை மாற்றத்தால் மட்டுமே வந்தது என்று கூறிவிட முடியாது. வலுப்பெறும் வேகம் கூடினால் தயாராகக் கிடைக்கும் நேரம் குறையும் என்பது மட்டும் உறுதி.

ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல் தகவல் சேவை மையம் அலையின் உயரம், கள்ளக்கடல் எச்சரிக்கை, மீன் கிடைக்கும் இடம் ஆகிய தகவல்களைத் தமிழிலும் தருகிறது. பவளம் வெளுக்கும் அபாயத்தையும் முன்கூட்டி அறிவிக்கிறது. இந்தப் பவள எச்சரிக்கை பாசி வளர்ப்போருக்கும் பயன்படும். பவளம் வெளுக்கும் சூட்டில் பாசியும் வாடும் அல்லவா? ஊர்தோறும் கரையில் உள்ள தகவல் பலகையில் இவற்றை நாள்தோறும் எழுதி வைக்க மீனவர் சங்கங்கள் ஏற்பாடு செய்ய வேண்டும். ஆழ்கடல் செல்லும் படகில் உயிர்காப்பு உடையும் தகவல் தொடர்புக் கருவியும் இன்றிப் புறப்படக் கூடாது.

வயலுக்கு வரும் உப்பு

கடலின் மாற்றம் கரையோடு நிற்பதில்லை. சூடான நீர் விரிவதாலும் பனிமலைகள் உருகுவதாலும் கடல்மட்டம் உயர்கிறது. வட இந்தியப் பெருங்கடலில் 1993 முதல் 2017 வரை ஆண்டுக்குச் சராசரியாக 3.3 மில்லிமீட்டர் உயர்ந்துள்ளது. இதே வேகம் நீடித்தால் 30 ஆண்டில் 10 சென்டிமீட்டர். ஒரு சாணுக்கும் குறைவுதான். ஆனால் ஆயிரம் மீட்டருக்கு ஒரு மீட்டர் சாய்வுள்ள சமநிலத்தில் 10 சென்டிமீட்டர் உயர்வு என்பது கணக்குப்படி 100 மீட்டர் தூரம் உள்ளே வரக்கூடியது. நாகப்பட்டினம், திருவாரூர் கடைமடைப் பகுதிகள் இத்தகைய தாழ்நிலங்களே. இதனுடன் அளவுக்கு மீறி ஆழ்குழாய் நீரை இறைத்தால் நிலத்தடியில் கடல்நீர் இன்னும் விரைவாக உட்புகும்.

கடலோர விவசாயிகள் ஆண்டுக்கொரு முறையாவது கிணற்று நீரையும் மண்ணையும் பரிசோதித்துக் கொள்ள வேண்டும். மண்ணின் மின்கடத்தும் திறன் 4 டெசிசைமனுக்கு மேலிருந்தால் அது உவர்நிலம். பி.எச். 8.5-க்கு மேற்பட்டுச் சோடியம் மிகுந்திருந்தால் அது களர்நிலம். இரண்டையும் குழப்பிக்கொண்டு உவர்நிலத்தில் ஜிப்சத்தைக் கொட்டிப் பணத்தை விரயம் செய்வோர் பலர். ஜிப்சம் களருக்கு மருந்து. கடல்நீர் ஏறிய உவருக்கு நல்ல நீரும் வடிகாலுமே மருந்து. வரப்பை உயர்த்தி மழைநீரைத் தேக்கி, உப்பு கரைந்தபின் வடித்துவிட வேண்டும். இதை மழைக்காலத்தில் இரண்டு மூன்று முறை செய்தபின் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதால் மண் தேறும். கோ 43, டி.ஆர்.ஒய். 1 போன்ற உவர், களர் தாங்கும் நெல் இரகங்களைப் பயிரிடலாம். எந்த நிலத்திற்கு எந்த இரகம் என்பதை மண் பரிசோதனை முடிவுடன் அருகிலுள்ள வேளாண்மை விரிவாக்க மையத்தை அணுகித் தெரிந்துகொள்வது நல்லது.

கரைக்கும் வயலுக்கும் இடையே உள்ள அலையாத்திக் காடும் சவுக்கும் பனையும் வெறும் மரங்களல்ல. முத்துப்பேட்டை, பிச்சாவரம் பகுதிகளில் உள்ளவை போன்ற அலையாத்திக் காடுகள் அலையைத் தணிக்கின்றன, மண்ணைப் பிடிக்கின்றன, இறாலுக்கும் நண்டுக்கும் நாற்றங்காலாகின்றன. பாக் நீரிணையின் கடற்புல் படுகையும் இத்தகையதே. அங்கு மேயும் கடற்பசுவைக் காக்க 2022 செப்டம்பரில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு காப்பகமாக அறிவிக்கப்பட்டது. கடற்புல்லைக் காத்தால் பசு மட்டும் பிழைப்பதில்லை. அதில் குஞ்சு வளர்க்கும் மீனும், மீனை நம்பிய ஊரும் சேர்ந்து பிழைக்கின்றன.

செய்யக்கூடியவை

உலகக் காற்றிலுள்ள கரியமில வாயுவை ஒரு கடலோரக் கிராமம் குறைத்துவிட முடியாது. அதைச் சேர்த்ததில் அக்கிராமத்தின் பங்கும் மிகச் சிறிது. வள்ளத்தில் செல்பவரும் மூழ்கிப் பாசி எடுப்பவரும் செய்யாத தவற்றுக்கு அவர்களே முதலில் விலை கொடுக்கின்றனர். இதை எடுத்துச் சொல்லி நிவாரணமும் பயிர்க்காப்பீடு போன்ற பாதுகாப்பும் பாசி வளர்ப்புக்கும் கேட்பது நியாயமே. கடன் தரும் வங்கிகளும் தவணை நாளைக் கோடை மாதங்களைத் தவிர்த்து அமைப்பது முறையாகும்.

அதே நேரத்தில் ஊரின் கையில் உள்ளவையும் உண்டு. பாரை உடைக்காமலும் நங்கூரத்தால் கீறாமலும் இருப்பது, குஞ்சு மீனை விடுவது, கழிவுநீரைக் கடலில் விடாமல் தடுப்பது, பாசிக்கு ஓய்வு கொடுப்பது, விதையைப் பிரித்து வைப்பது, எச்சரிக்கையைக் கேட்டு நடப்பது, நிலத்தடி நீரை அளவோடு இறைப்பது ஆகியவை அத்தகையவை. 2016-இல் எல்லாப் பவளமும் பட்டுவிடவில்லை. வெளுத்தவற்றில் ஒரு பகுதி பின்னர் மீண்டது. வேறு சுமைகள் குறைந்த பார் வெப்பத்தைத் தாங்கித் தேறுவதற்கு வாய்ப்பு அதிகம். அடுத்த வெப்ப ஆண்டு வருமுன் அந்தச் சுமைகளை இறக்கி வைப்பதே கடலோர மக்கள் இப்போது செய்யவேண்டிய பணியாகும்.